படகு இழுக்க எந்த பிக்கப் வாங்கலாம்? மாமா கேட்ட கேள்வி

ஏழாவது செமஸ்டர் முடிஞ்ச லீவுல மணவூர்ல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அரக்கோணம் லோக்கல்ல ஏறினால் திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். மாமாவும் அவரோட நாலு கூட்டாளிகளும் சேர்ந்து ஏரிக் குத்தகை எடுத்து மீன் பிடிக்கிறாங்க. அவங்ககிட்ட ஒரு ஃபைபர் படகு இருக்கு, 14 அடி. ஒரு ஏரியில் மீன் எடுத்து முடிச்சா, அந்தப் படகு அடுத்த ஏரிக்குப் போகணும். அதுக்கு ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிதான்.

அன்னைக்கு வந்த வாடகை வண்டிக்குப் பின்னாடி ஒரு பழைய டிரெய்லரை மாட்டி, படகை அதில் ஏற்றிக் கரைச் சரிவில் இழுத்தாங்க. முதல் நாள் மழை பெய்திருந்தது. பின் சக்கரம் சேற்றில் சுற்றுது, வண்டி நகரலை. டிரைவர் பாதி கிளட்ச்சில் வைத்து மெதுவா முயற்சி பண்ணினார். பத்து நிமிஷத்தில் கிளட்ச் கருகிய நாற்றம் ஏரி முழுக்க. கடைசியில் பக்கத்து வயலிலிருந்து டிராக்டர் வந்துதான் வண்டியையும் படகையும் சேர்த்து வெளியே எடுத்தது. கிளட்ச் செலவில் பாதி மாமா தலையில்.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது மாமா கேட்டார்: "டேய் மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? சொந்தமா ஒரு பிக்கப் வாங்கிடலாம்னு இருக்கேன். இன்னா வண்டி வாங்கலாம், சொல்லு."

எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு வருஷம் டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ், ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் எல்லாம் எழுதி பாஸ் பண்ணியாச்சு. ஆனா மாமா போடப்போவது அத்தையோட நகையும் பேங்க் லோனும். "டார்க் அதிகமா இருக்கிற வண்டியா பாருங்க மாமா"ன்னு சொல்லிட்டு எழுந்துட முடியாது. அப்படிச் சொல்லியிருந்தால் தப்பாவும் போயிருக்கும். ஏன்னு பார்ப்போம்.

முதலில் எடையைக் கணக்குப் போடலாம். படகு சுமார் 250 கிலோ. வலை, ஐஸ் பெட்டி, சாமான் 100 கிலோ. இரும்பு டிரெய்லர் ஒரு 250. மொத்தம் 600 கிலோ. காலி பிக்கப் 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆக வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 2,200 கிலோ. கரைச் சரிவு எட்டுக்கு ஒன்று, அதாவது எட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும். அந்தச் சரிவில் மேலே இழுக்கத் தேவையான விசை 2,200ஐ எட்டால் வகுத்தால் வருவது, 275 கிலோ. (நியூட்டனில் எழுதணும்னு எனக்கும் தெரியும். மாமாவுக்குப் புரியணுமே.)

இப்போ இன்ஜின் பக்கம் வாங்க. ஒரு சாதாரண 2.5 லிட்டர் டீசல் பிக்கப் 200 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். முதல் கியரும் டிஃபரென்ஷியலும் சேர்ந்து அதைச் சுமார் 18 மடங்கு பெருக்குதுன்னு வைத்தால், சக்கரத்தில் 3,600. சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஆயிரம் கிலோவை ஒட்டிய இழுவிசை வருது. தேவை 275தான். இன்ஜினிடம் மூணு மடங்குக்கு மேலேயே பலம் இருக்கு!

அப்போ வண்டி ஏன் நகரலை? டயரால்தான். பிக்கப்புக்குப் பின் சக்கரம்தான் இழுக்கும். காலி பிக்கப்பின் எடையில் பெரும் பங்கு முன்னால், இன்ஜின் மேலே. பின் அச்சில் 40 சதவீதம்னு வைத்தால் 640 கிலோ. டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் மேல் அழுத்துவது ஒரு 60. மொத்தம் 700. ஈரச் சேற்றில் உராய்வுக் கெழு 0.3ன்னு தாராளமாகவே எடுத்துக்கலாம். 700ஐ 0.3ஆல் பெருக்கினால் 210 கிலோ. அதுக்கு மேல் இழுக்கச் சொன்னால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. 275 வேணும், 210தான் இருக்கு. அந்த இடத்தில் 500 நியூட்டன் மீட்டர் இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தாலும், அதே சக்கரம் இன்னும் வேகமா சுற்றும், அவ்வளவுதான்.

"பின்னாடி மணல் மூட்டை போட்டா?" என்றார் மாமா. நல்ல கேள்வி. 300 கிலோ மூட்டையை நேராகப் பின் அச்சு மேலேயே போட்டால் அங்கே 1,000 கிலோ, பிடிப்பு 300. ஆனா மொத்த எடையும் 2,500 ஆகிடுச்சு, தேவை 312. ஏறினாலும் ஏறும், ஏறாமலும் போகும். நாலு சக்கரமும் இழுக்கிற 4x4 வண்டி என்றால் வண்டியின் முழு எடையும் பிடிப்புக்குப் பயன்படும்: 1,660 பெருக்கல் 0.3, கிட்டத்தட்ட 500. சிரமமே இல்லாமல் ஏறும். வெளிநாட்டுக்காரங்க படகு இழுக்க 4x4 பிக்கப் வாங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நம்ம கடற்கரையில் படகைக் கரையேற்ற டிராக்டரை விடுவதும் இதே கணக்குதான். அதன் எடையில் பெரும் பகுதி அந்தப் பெரிய பின் சக்கரங்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கு.

சரி, 4x4க்குப் போகலாமா? இங்கேதான் துட்டுப் பிரச்சினை. நம்ம பக்கத்திலேயே, ஆந்திர எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டியில், 2016லிருந்து இசுசு ஆலை இயங்குது. அங்கே செய்யும் டி-மேக்ஸ் வி-கிராஸ் 1.9 லிட்டர் டீசல், 360 நியூட்டன் மீட்டர், 4x4 வகையும் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ் 2022ல் இந்தியாவுக்கு வந்தது, 2.8 லிட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டையும் பிரேக் உள்ள டிரெய்லரோடு 3,500 கிலோ வரை இழுக்க அனுமதிக்கிறாங்க. நம்ம 600 கிலோ இதுகளுக்குத் தூசு. ஆனா ஹைலக்ஸ் விலை ரொம்பவே அதிகம். வி-கிராஸும் மாமாவின் பட்ஜெட்டுக்கு எட்டாத உயரத்தில்தான். ஜிலேபியும் கெண்டையும் விற்று அந்த இஎம்ஐ கட்ட முடியாது.

மாமாவுக்கு எட்டும் வரிசை வேறே. டாடா ஏஸ், நம்ம குட்டி யானை, 2005லிருந்து ஊரெல்லாம் ஓடுது. ஆனா 14 அடிப் படகுக்கு ரொம்பச் சின்னது. அசோக் லேலண்ட் தோஸ்த் 1.25 டன் வகுப்பு. மகேந்திரா பொலேரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று வகைகள். டாடா யோதா 2.0, 2022ல் வந்தது, 2 டன் வரை ஏற்றலாம். பொலேரோ, யோதா இரண்டிலும் 4x4 வகை உண்டு. ஆனா செகண்ட் ஹேண்டில் தேடினால் பத்து சாதா வண்டிக்கு நடுவில் ஒரு 4x4 கண்ணில் படுவதே அபூர்வம்.

இந்த இடத்தில் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. வண்டி ஏன் சேற்றுக்குள் இறங்கணும்?

வண்டியைக் கரை மேலே காய்ந்த மண்ணில் நிறுத்தி, 30 மீட்டர் கயிறு கட்டி டிரெய்லரை மட்டும் கீழே இறக்கினால் என்ன ஆகும்? சரிவில் இருப்பது 600 கிலோ மட்டும். எட்டால் வகுத்தால் 75. சேற்றின் இழுவைக்காக இரட்டிப்பாக்கினாலும் 150. வண்டி நிற்பது சமதளம், உராய்வு 0.6, பின் அச்சில் 640. பிடிப்பு 384 கிலோ. 4x4 இல்லாமலே ரெண்டு மடங்குக்கு மேல் மிச்சம். ஒரே எச்சரிக்கை: நைலான் கயிறு இழுபடும்போது சக்தியைச் சேர்த்து வைக்கும், அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும். இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இதை மாமாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கலை. அவர் காலில் தழும்பே இருக்கு.

கரை பிரச்சினை இப்படித் தீர்ந்ததும், வண்டி தேர்வு ரொம்பவே மாறிப்போச்சு. அடுத்த கேள்வி, ரோட்டில் படகை இழுத்துக்கொண்டு போவதா, தொட்டியில் ஏற்றிக்கொண்டு போவதா என்பது.

இழுத்துக்கொண்டு போனால் சில விஷயம் கவனிக்கணும். நம்ம சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம்தான். அதுக்குத் தனியா ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆவது பிரிவு டிரெய்லருக்கென்றே இருக்கு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அழுத்துற மாதிரி படகை முன்னால் தள்ளி வைக்கணும். பின்பக்கம் கனமா இருந்தால் வேகம் பிடிக்கும்போது டிரெய்லர் வால் ஆட்டும், அந்த ஆட்டம் வண்டியையே திருப்பிப் போட்டுடும். மோட்டார் மாட்டிய படகென்றால் இன்னும் கவனம் தேவை, மோட்டார் தொங்குவது பின்னால்தானே.

அப்புறம் பேரிங். பல கிலோமீட்டர் ஓடி வந்த டிரெய்லரின் சக்கர ஹப் சூடா இருக்கும். உடனே தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கும். கிரீஸ் கெட்டு, சில மாசத்தில் பேரிங் கத்தும். பழவேற்காடு மாதிரி உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். அரை மணி நேரம் நிறுத்தி, டீ குடித்துவிட்டு இறக்கினால் போதும்.

தொட்டியில் ஏற்றுவது நம்ம ஊர் வழி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்கும், 2018ல் கேரளாவின் உள்ளூர்களுக்கும் மீனவர்களோட படகுகள் போய்ச் சேர்ந்தது லாரி முதுகில்தான். இதில் பார்க்க வேண்டியது நீளம். 1.7 டன் பிக்கப்பின் தொட்டி சுமார் 9 அடி. 14 அடிப் படகை வைத்தால் 5 அடி வெளியே நீட்டும், ஆனா படகின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால்தான் விழும். வீல்பேஸ் 3 மீட்டர் என்றால் முன் சக்கரத்தில் 40 கிலோ சொச்சம் குறையும், தெரியவே தெரியாது. இதுவே 500 கிலோவில் 20 அடிப் படகு என்றால் மையம் 1.4 மீட்டர் பின்னால் போய், முன் சக்கரம் 230 கிலோவுக்கு மேல் இழக்கும். ஸ்டியரிங் காற்றில் பிடித்த மாதிரி இருக்கும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அந்த நீளத்துக்கு டிரெய்லரோ லாரியோதான்.

மாமாவின் படகு 14 அடி. அதனால் தொட்டிதான்னு முடிவாச்சு. டிரெய்லர் ரிஜிஸ்ட்ரேஷன் தலைவலியும் இல்லை. தொட்டி விளிம்பில் ஒரு உருளை பைப் வெல்டு பண்ணி, சாய்வுப் பலகை போட்டால் நாலு பேர் ஏற்றிடலாம். படகு இல்லாத நாளில் அதே தொட்டியில் மீன் பெட்டி போகும்.

மிச்சம் இருப்பது நம்பகத்தன்மை. இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: யூடியூப் ரிவ்யூவை விட ஊர் மெக்கானிக்கைக் கேளுங்க. திருவள்ளூரிலோ அரக்கோணத்திலோ உதிரி பாகம் அன்றே கிடைக்கிற வண்டிதான் மாமாவுக்கு நல்ல வண்டி. ஐஸ் பெட்டியில் மீனை வைத்துக்கொண்டு பார்ட்ஸுக்கு மூணு நாள் காத்திருக்க முடியாது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் வண்டி வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. பல வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும். அந்தக் கரியை எரித்துச் சுத்தம் பண்ண, புகைக்குழாய் நல்லா சூடாகணும். வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் ரெண்டாவது கியரிலேயே ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அப்பப்போ திருவள்ளூர்–திருத்தணி ஹைவேயில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் சரியாகும்.

லைசென்ஸ் பற்றி அத்தை கேட்டாங்க. மாமாவிடம் இருப்பது கார் ஓட்டும் எல்எம்வி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு அதுவே போதும்னு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு மறுபடி உறுதி பண்ணியிருக்கு.

பொங்கலுக்கு அப்புறம் மாமாவும் நானும் நாலு பழைய வண்டி பார்த்தோம். ஒன்றில் தொட்டிக்குக் கீழே சேஸிஸ் முழுக்கத் துரு, மேலே புதுப் பெயின்ட். இன்னொன்றில் லீஃப் ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம் ஒன்று கூடுதல், ஓவர்லோடு ஓடிய வண்டி. மூணாவது ஓனர் மேட்டில் ஓட்டிப் பார்க்கவே விடலை. நாலாவது, 1.7 டன், ரெண்டாவது ஓனர், ஆர்சி சுத்தம். விலை மட்டும் இன்னும் நாற்பதாயிரம் இறங்கணும்னு மாமா உட்கார்ந்திருக்கார். கயிறு மட்டும் வாங்கியாச்சு.