ஒழுகினால்தான் ஓடும்

ஜோலார்பேட்டையிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் என்று ரயில் பாதையோரம் நீளும் தோல் வட்டாரத்து டேனரிகளில், தோலைச் சூடான தகட்டால் அழுத்தி மினுக்கேற்றும் பிளேட்டிங் பிரஸ் ஹைட்ராலிக் எண்ணெயின் பலத்தில் இயங்குகிறது. இப்படிப்பட்ட உயர் அழுத்த வேலைக்குத் தோதானது பிஸ்டன் பம்ப். சுழலும் பிளாக்கில் பெரும்பாலும் ஏழோ ஒன்பதோ பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு ஷூ. சாய்ந்து நிற்கும் தகட்டின்மேல் ஷூக்கள் வழுக்கி வட்டமிட, பிஸ்டன்கள் முன்னும் பின்னும் போய்வந்து எண்ணெயை உறிஞ்சித் தள்ளும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்மீது 250 பார் அழுத்தம் விழுந்தால், அதன் ஷூவின்மேல் இறங்குவது ஏறக்குறைய 800 கிலோ பாரம். அதைத் தகட்டோடு உரசவிடாமல் காப்பது சில மைக்ரான் கனமே உள்ள எண்ணெய்ப் படலம். தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான்.

இவ்வளவு மெல்லிய படலம் எப்படித் தாங்கும் என்ற சந்தேகம் நியாயமானது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தபோது, உச்சியில் போட்டிருந்த துளை வழியே எண்ணெய் பொங்கி வந்தது. மரத்தக்கையால் அடைத்தார், தக்கையையும் அது வெளியே தள்ளியது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்: குறுகிக்கொண்டே போகும் இடுக்குக்குள் இழுபடும் எண்ணெய், அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. லேசாகச் சாய்ந்து ஓடும் ஷூவுக்கு அடியிலும் இதுவே நடக்கிறது. ஆனால் பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பது வேறொன்று. பிஸ்டனின் நடுவே உள்ள ஊசித்துளை வழியாக அழுத்த எண்ணெய் ஷூவின் அடிக்குழியில் நிறைந்து அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இதே அமைப்பை எண்ணெய் அழுத்தத்தால் சுழலவைத்தால் அது ஹைட்ராலிக் மோட்டார்; நின்ற நிலையிலிருந்து சுமையோடு கிளம்பும்போது, வேகம் தரும் உதவி அந்த மோட்டாருக்குக் கிடையாது. அதனால்தான் புறப்படும் நேரத்தில் அதன் முறுக்குவிசை குறைகிறது.

அடிக்குழி எண்ணெய் ஓரங்களில் கசிந்து, டிரெயின் பைப் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. இதை வெறும் நஷ்டம் என்று எண்ணுவது தவறு. கசிவு நின்றால் படலமும் நிற்காது, சூடும் வெளியேறாது. அப்படியானால் இடுக்கைத் தாராளமாக விடலாமே? இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும், அழுத்தம் ஏறாது. கெட்டியான எண்ணெய் ஊற்றலாமே என்ற யோசனைக்கு வேலூர் வெயிலில் ஓரளவு நியாயம் உண்டு: 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக்ஸ் பிசுக்குமை காட்டும் சாதாரண எண்ணெய், 100 டிகிரியில் ஒன்பதுக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் கெட்டி எண்ணெயைக் காலையில் உறிஞ்ச முடியாமல் பம்ப் திணறும். அப்போது தோன்றும் குமிழிகள் அழுத்தத்தில் சட்டென நொறுங்கி உலோகத்தை அரிக்கும். கூலரைச் சுத்தமாக வைப்பதே மேல். ஃபில்டர் விஷயத்திலும் கஞ்சத்தனம் கூடாது: கண்ணுக்கே தெரியாத 10 மைக்ரான் தூசு, படலத்தின் கனத்தையே மிஞ்சிவிடும். டிரெயின் எண்ணெய் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று, ஒரே அழுத்தத்திலும் ஒரே சூட்டிலும் அவ்வப்போது அளந்து எழுதிவைக்க வேண்டும். அளவு ஏறிக்கொண்டே போய், எண்ணெயில் வெண்கலப் பொடியும் மின்னினால், ஷூவோ, பிளாக்கின் மறுமுனையில் உள்ள வால்வு பிளேட்டோ தேயத் தொடங்கிவிட்டது. பிரஸ் நின்றுபோகும்வரை காத்திராமல் பம்பை அப்போதே பிரித்துப் பார்க்க வேண்டும்.