கலம்காரி: பெயருக்கு மட்டும் கிராக்கி

*கையால் வரைந்த காளஹஸ்தி சேலையும் மெஷினில் அச்சான சேலையும் கடைகளில் ஒரே பெயரில் தொங்குகின்றன. இந்தப் போட்டியில் கலைஞர்கள் தாக்குப்பிடிக்க என்ன வழி?*

கார்த்திகை பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று திருமலையிலிருந்து திருச்சானூருக்குச் சீர் வந்து சேரும். பத்மாவதி தாயாருக்கு ஏழுமலையான் அனுப்பும் சீர் அது. மஞ்சள், குங்குமத்தோடு பட்டுப் புடவையும் ஊர்வலமாக வரும். பக்தர்கள் சாத்தும் வஸ்திரங்களும் ஏராளம். தேவஸ்தானம் அவற்றைப் பிறகு ஏலத்தில் விற்கிறது. புடவைக்கு இவ்வளவு மரியாதை தரும் ஊர்கள் அதிகமில்லை.

அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்ரீகாளஹஸ்தி. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2022-ல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. ராகு-கேது பரிகாரத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வரும் ஊர். துணி வியாபாரிகளுக்கோ அது கலம்காரியின் ஊர். கலம் என்றால் பாரசீக மொழியில் எழுதுகோல். தெலுங்கில் இதற்கு விரதபணி என்று ஒரு பழைய பெயரும் உண்டு.

முனை சீவிய மூங்கில் குச்சி, அதன்மேல் சாயத்தைத் தேக்கிவைக்கச் சுற்றிய துணி அல்லது கம்பளி - ஆயுதம் இவ்வளவுதான். வேலைதான் நீளம். பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு நாள்கணக்கில் ஊறவைத்தால் கறுப்பு கிடைக்கும். படிகாரமும் செடிவேரும் சேர்ந்தால் சிவப்பு. அவுரியிலிருந்து நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் துணியை அலச வேண்டும், காயவைக்க வேண்டும். வெயில் வேண்டும், ஓடும் தண்ணீர் வேண்டும். வேலைப்பாடு அதிகமான ஒரு சேலை முடிய வாரங்கள் பிடிக்கும்.

ஒரு காலத்தில் இந்தக் கலையே அணையும் நிலையில் இருந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியில் 1957-ல் காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கியது. அங்கு பயின்றவர்களும் அவர்களது பிள்ளைகளும்தான் கலையைக் காப்பாற்றினார்கள். அந்த ஊரின் ஜொன்னலகட்டா குரப்பா செட்டி 2008-ல் பத்மஸ்ரீ பெற்றார். ராமாயணக் காட்சிகளைத் தாங்கிய கோயில் திரைகள் சுவரலங்காரமாயின. பிறகு துப்பட்டா, சேலை என்று உடைக்கு மாறின. மாற்றம் வருமானம் தந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

சுவரில் மாட்டும் ஓவியம் ஒன்று போதும். ஜவுளிக்கடைக்கு அப்படியல்ல. தீபாவளிக்கு முன் ஒரே டிசைனில் ஐம்பது சேலை வேண்டும், நான்கு நிறங்களில் வேண்டும், விற்றுத் தீர்ந்தால் பத்து நாளில் மறுபடி வேண்டும். ஆடித் தள்ளுபடியும் தர வேண்டும். மூங்கில் குச்சியால் இந்த வேகத்துக்கு ஓட முடியாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கால் முடியும். கம்ப்யூட்டரில் இயங்கும் டிஜிட்டல் அச்சு இயந்திரம் இன்னும் வேகம். கையால் வரைந்தது பல ஆயிரம் ரூபாய் என்றால், அதே மயிலும் அதே மாங்காயும் அச்சான செயற்கை இழைச் சேலை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டுக்கும் பெயர் கலம்காரிதான்.

காப்பியடிப்பது இந்தத் துணிக்குப் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம் உள்ளிட்ட சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து போன சித்திரத் துணிகளுக்கு ஐரோப்பாவில் ஏக மோகம். உள்நாட்டு நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் இயற்றியது. கடைசியில் ஐரோப்பியர்கள் அதே பாணியைத் தாங்களே அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

சட்டம் காப்பாற்றுமா?

காளஹஸ்திக்கு ஒரு கவசம் இருக்கிறது. 'ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி' புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அச்சுக்கட்டைகளால் பதிக்கும் மசூலிப்பட்டினம் பாணிக்குத் தனிக் குறியீடு. தமிழ்நாட்டின் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் கிடைத்தது. பதிவான பெயரைப் போலிச் சரக்குக்குச் சூட்டினால் சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு.

ஆனால், பதிவாகியிருப்பது ஊரோடு சேர்ந்த முழுப் பெயர். 'கலம்காரி' என்ற சொல் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. 'கலம்காரி பிரிண்ட்' என்று சீட்டு ஒட்டும் கடைக்காரர் ஸ்ரீகாளஹஸ்தியைத் தொடாமலே அதன் புகழை விற்றுவிடுகிறார். காஞ்சிபுரத்தைப் போல ஊர்ப்பெயரே சரக்கின் பெயராக மக்கள் வாயில் நின்றிருந்தால் கதை வேறு. கலம்காரியில் ஊர் பின்னுக்குப் போய், பாணி முன்னுக்கு வந்துவிட்டது.

ஆகவே காளஹஸ்திக்கு விலையில் போட்டியிடும் உத்தி உதவாது. வித்தியாசத்தை வாடிக்கையாளரின் கண்ணுக்குக் காட்டுவதே ஒரே வழி. பட்டுத் துறை இதைச் செய்து காட்டியது. மத்திய பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004-ல் வந்த 'சில்க் மார்க்' சீட்டைத் தேடிப் பார்க்க இன்று சாதாரண வாடிக்கையாளருக்கும் தெரியும். கலம்காரிக்கும் வரைந்தவர் பெயர், ஊர், சாயம், ஆன நாள்கள் ஆகியவற்றைச் சொல்லும் சீட்டு வந்தால், விலை ஏன் அதிகம் என்று விற்பனையாளர் விளக்க வேண்டியதில்லை. ஓவியருக்குக் கையெழுத்து உண்டு. சேலை வரைபவருக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

இடைத்தரகரைத் தாண்டுவது இன்னொரு வழி. அனிதா ரெட்டி தொடங்கிய 'துவாரகா' அமைப்பு காளஹஸ்திப் பகுதிப் பெண்களுக்குக் கலம்காரி வேலை தந்து, அவர்களது துணிகளை நேரடியாகச் சந்தைக்குக் கொண்டுசென்றது. நகரத்து வாடிக்கையாளர் யார் கை பட்ட துணி என்று தெரிந்து வாங்கும்போது பேரம் குறைகிறது.

அதுவரை வாங்குபவரே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே சேலையில் இரண்டு மயில்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சு என்றால் இரண்டும் இம்மி பிசகாது. கை என்றால் ஒன்றின் கழுத்து சற்றே சாய்ந்திருக்கும், கோடு ஓரிடத்தில் தடித்திருக்கும். சேலையைத் திருப்பினால் பின்புறத்திலும் சாயம் இறங்கியிருக்கும். பால், கடுக்காய் வாசனை புதுத் துணியில் லேசாக இருக்கும்.

அச்சுச் சேலை வாங்குவதில் தவறொன்றுமில்லை. எல்லோராலும் பல ஆயிரம் செலவிட முடியாது. அதை அச்சு என்றே சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லாமல் விற்கும்போதுதான் காளஹஸ்தியில் ஒரு வீட்டில் பிள்ளைகள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போகிறார்கள். 1957-ல் செய்ததுபோல இன்னொரு முறை தேடிப் பிடிக்க அப்போது ஆசிரியர்கள் இருப்பார்களா என்பதுதான் கவலை.