அல்பராசின்: மலை காத்த ஊரும் மலை தனித்த ஊரும்

பத்தாந் தர வகுப்பில் அந்தலூஸ் பற்றிய பேச்சு வந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எப்பவும் குர்துபா, கர்னாதா எண்டுதான் சொல்றீங்க. சின்ன ஊர் ஒண்டும் இல்லையா?" என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேசப்படத்தை விரித்தேன். கண்ணில் பட்டது அல்பராசின்.

ஸ்பெயினின் கிழக்கே, அரகோன் பிராந்தியத்தின் தெருவெல் மாகாணத்தில் உள்ளது இவ்வூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,170 மீற்றர் உயரம். சனத்தொகை சுமார் ஆயிரம். பெயரை நிறுத்தி உச்சரித்துப் பாருங்கள், உள்ளே 'ரஸீன்' கேட்கும். குர்துபாவின் கிலாபத் சிதறியபோது இங்கு சிற்றரசு அமைத்த பர்பர் குலத்தார்தான் பனூ ரஸீன்கள். 1104 இல் முராபித்துகள் கைப்பற்றும்வரை அவர்களது ஆட்சி நீடித்தது.

ஊரைச் சுற்றி வளைந்தோடும் ஆற்றின் பெயர் குவாதலாவியார். 'வாதி அல் அப்யழ்', அதாவது வெள்ளை ஆறு என்பதன் திரிபு அது. மூன்று பக்கமும் ஆறு குடைந்த பள்ளத்தாக்கு. எஞ்சிய பக்கத்தில் மலைமுகட்டுக்கு ஏறும் மதில். ஆறும் பாறையும் பாதி வேலையைச் செய்துவிட, மனிதர் மீதியைக் கட்டினர். பின்வந்த கிறிஸ்தவப் பிரபுக்களும் இதே அரணை நம்பித்தான் கஸ்தீல், அரகோன் என்ற இரு அரசுகளுக்கு நடுவே தனித்து நின்றார்கள். 1284 இல்தான் அரகோன் மன்னன் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தான்.

இம்மலைத்தொடர் நீரையும் பிரித்தனுப்புகிறது. குவாதலாவியார் தெருவெல் நகரை அடைந்து, தூரியா என்ற பெயருடன் வலென்சியா சென்று மத்தியதரைக் கடலில் கலக்கிறது. அதே மலைகளில் ஊற்றெடுக்கும் தாஹோ ஆறோ மேற்கே ஓடி, லிஸ்பனருகே அத்திலாந்திக்கில் விழுகிறது.

தண்ணீருக்கு இரண்டு கடலுக்கும் வழியுண்டு. மனிதருக்குத்தான் வழி குறைவு. அல்பராசினுக்கு ரயில் இல்லை. ஏறத்தாழ 38 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தெருவெலுக்கு மலைப்பாதையால் இறங்க வேண்டும். அங்கே சரகோஸாவையும் வலென்சியாவையும் இணைக்கும் ரயில் பாதை உண்டு. ஆனால் தலைநகர் மத்ரித்துக்கு நேரடி ரயில் கிடையாது. நகருக்கருகே ஒரு விமான நிலையமும் இருக்கிறது. பயணிகளை ஏற்றிப் பறக்க அல்ல, விமானங்களை நிறுத்திவைக்கவும் பழுதுபார்க்கவும்!

இதனால்தான் 1999 இல் 'தெருவெலும் இருக்கிறது' என்ற முழக்கத்தோடு மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ரயில், நெடுஞ்சாலை, வைத்திய வசதி என்பன அவர்கள் கேட்டவை. 2019 இல் அவ்வியக்கம் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனத்தையும் வென்றது. 'நாங்களும் இருக்கிறோம்' என்று ஒரு மாகாணமே சொல்ல நேர்ந்ததென்றால், அந்தத் தனிமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று படையைத் தடுத்த அதே மலை, இன்று வேலை தேடும் இளைஞரை ஊரைவிட்டு அனுப்புகிறது. செந்நிறச் சாந்து பூசிய வீடுகளைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், மாலையில் போய்விடுகிறார்கள். ஒரு குலத்தின் பெயரை ஒன்பது நூற்றாண்டாகச் சுமக்க மலைக்கு முடிந்தது. மக்களைத் தக்கவைக்க மலை மட்டும் போதாது; பாதையும் பஸ்ஸும் ரயிலும் வேண்டும்.

அடுத்த நாள் மாணவியிடம் சொன்னேன்: "இருக்கு மகள். சின்ன ஊர்தான், ஆனா பெரிய கதை."