கனமாகத் தெரியும் காது: கோதிக் தோடுகளை அடுக்குவது எப்படி?

கோதிக் அலங்காரம் என்றதும் நினைவுக்கு வருவது கறுப்பு உதட்டுச்சாயம், கறுப்பு பூட்ஸ், காது முழுக்கத் தோடு. முதல் இரண்டையும் கடையில் வாங்கிப் போட்டால் முடிந்தது வேலை. மூன்றாவதுதான் சிக்கல். ஒரே காதில் நாலைந்து தோடு போட்டுவிட்டால் அது கோதிக் ஆகிவிடாது. பல நேரம் நகைக்கடை ஷோகேஸ் மாதிரிதான் தெரியும். சிலருக்கு மட்டும் எப்படிப் பொருந்தி வருகிறது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் தோடு போடுகிற ஆள் இல்லை. அண்ணன் மகள் கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது இது. அந்தக் கேள்வி கடைசியில் வரும். தேடியதில் கிடைத்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்க்கக் கனமாகத் தெரிய வேண்டும், காதில் கனமாக இருக்கக் கூடாது.

கறுப்பு நகை எங்கிருந்து வந்தது?

1861 டிசம்பர் 14 அன்று இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். அதற்குப் பிறகு 1901-இல் தான் சாகும்வரை அரசி கறுப்பு உடைதான் உடுத்தினார். அரண்மனையில் துக்கம் என்றால் ஊரும் அதைப் பார்த்துப் பின்பற்றும். தங்கமும் வண்ணக் கற்களும் துக்க காலத்துக்கு ஆகாது. ஆனால் ஒரு பொருளுக்கு அனுமதி இருந்தது. அதன் பெயர் ஜெட்.

விமானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடிச் சேற்றில் புதைந்த மரம், காலப்போக்கில் நிலக்கரி போல மாறியது. அதுதான் ஜெட். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள விட்பி என்ற ஊரில் நல்ல தரத்தில் கிடைத்தது. மெருகேற்றினால் கண்ணாடி போலப் பளபளக்கும். 1870-களில் அந்தச் சின்ன ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜெட் நகை வேலையில் இருந்தார்கள்.

பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய டிராகுலா நாவலில், டிராகுலா வந்த கப்பல் கரை தட்டுவதும் இதே விட்பியில்தான். கோத் என்கிற இளைஞர் கலாசாரம் உருவானது அதற்கு வெகுகாலம் பிறகு, பங்க் இசை ஓய்ந்த நேரத்தில். பௌஹௌஸ் குழுவின் 'பேலா லுகோசிஸ் டெட்' பாட்டு 1979-இல் வந்தது. லண்டன் சோஹோ பகுதியில் பேட்கேவ் என்ற கிளப் 1982-இல் திறந்தது. அங்கே போனவர்கள் விக்டோரியா காலத்துத் துக்க உடையையும் பங்க் ஆட்களின் காதுத் துளைகளையும் ஒன்றாகக் கலந்துகொண்டார்கள். ஒரு காலத்தில் விதவைகளுக்குக் கடமையாக இருந்த கறுப்பை, இவர்கள் விரும்பி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். 1994 முதல் விட்பியிலேயே கோத் விழாவும் நடக்கிறது.

எடைக் கணக்கு

அந்தக் காலப் பெண்கள் ஜெட்டில் விரல் நீளத்துக்குத் தொங்கல் போட்டார்களே, காது எப்படித் தாங்கியது? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும். 2 கன சென்டிமீட்டர் அளவுள்ள தொங்கல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியில் செய்தால் சுமார் 21 கிராம். ஸ்டீல் என்றால் 16. கறுப்புக் கண்ணாடி என்றால் 5. ஜெட் என்றால் 2.6 கிராம்தான்! வெள்ளியின் எடையில் எட்டில் ஒரு பங்கு.

ரகசியம் இதுதான். ஜெட் பார்வைக்கு இரும்பு மாதிரி, காதுக்கு மரத்துண்டு மாதிரி. இன்று அசல் ஜெட் வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் அதே தொங்கல் 2.4 கிராம் வரும். எடையில் ஜெட்டுக்கு நெருங்கிய சொந்தம் மலிவான அக்ரிலிக்தான், விலை அதிகமான உலோகம் இல்லை. அதனால் பெரிய உருப்படி அக்ரிலிக் அல்லது ரெசினில் இருக்கட்டும். சின்ன உருப்படிகள் உலோகத்தில் இருக்கட்டும். பெரிய உருப்படிதான் வேண்டும், அதுவும் உலோகத்தில்தான் வேண்டும் என்றால், உள்ளே குடைந்ததா அல்லது வெறும் கம்பி வேலைப்பாடா என்று பார்த்து வாங்குங்கள்.

கறுப்பு முடிக்குப் பக்கத்தில் கறுப்பு

அடுத்தது நிறம். ஐரோப்பிய கோத் படங்களில் முகத்துக்கு வெள்ளைப் பூச்சு இருக்கும். அந்தப் பின்னணியில் கறுப்புத் தோடு பளிச்சென்று தெரியும். நம் மாநிறத் தோலுக்கும் கருங்கூந்தலுக்கும் நடுவில் அதே தோட்டைப் போட்டால் காணாமல் போய்விடும். பளபளப்பு இல்லாத கறுப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

இதற்குத் தீர்வு, கறுப்புக்கு வெள்ளி விளிம்பு. நம் கடைகளில் 'ஆக்ஸிடைஸ்டு' என்று விற்கிறார்களே, அது இதற்கு ரொம்பப் பொருத்தம். பெயர் அப்படி இருந்தாலும் வெள்ளி கறுப்பதற்குக் காரணம் ஆக்சிஜன் இல்லை, கந்தகம். கந்தகச் சேர்மத்தில் தோய்த்தால் மேலே சில்வர் சல்ஃபைடு படலம் படியும். பிறகு மேடான இடங்களை மட்டும் தேய்த்து மெருகேற்றுவார்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கும், மேட்டில் வெள்ளி மின்னும். 2 மில்லிமீட்டர் வேலைப்பாடுகூடத் தூரத்திலிருந்து தெரிவது இதனால்தான். ஒரு காதில் ஒரே உலோக நிறம் என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுக்கும் முறை

காதை மூன்று பகுதியாகப் பிரித்துப் பார்ப்போம்: கீழே மென்மையான சோணை, வெளி விளிம்பின் நடுப்பகுதி, மேல் மடல்.

1. சோணையின் முதல் துளையில் தலைவர். சிலுவை, வவ்வால், பிறை, அல்லது எகிப்திய அங்க் சின்னம், எதுவாக இருந்தாலும் ஒன்றே ஒன்று. (அங்க் சின்னம் கோத் ஆட்களிடம் பரவியதில் டேவிட் போவி நடித்த 'தி ஹங்கர்' என்ற 1983-ஆம் ஆண்டுப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.) தொங்குவது இது மட்டும்தான்.

2. இரண்டாவது துளையில் 8 முதல் 10 மில்லிமீட்டர் வளையம். மூன்றாவது இருந்தால் 3 மில்லிமீட்டர் கறுப்புக் கல் வைத்த பொட்டுத் தோடு. மேலே போகப் போக அளவு குறைய வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

3. மேல் மடலுக்கு ஒரு கஃப். துளையே வேண்டாம், விளிம்பில் கவ்விக்கொள்ளும். முள் வடிவத்திலோ கொடி வடிவத்திலோ எடுக்கலாம்.

4. கஃபையும் இரண்டாவது வளையத்தையும் மெல்லிய சங்கிலியால் இணையுங்கள். தனித்தனியாக நின்ற உருப்படிகளை இந்தச் சங்கிலிதான் ஒரே நகையாக மாற்றுகிறது. நம் மாட்டல் தோட்டின் எடையைக் கூந்தலுக்கும் பகிர்ந்து கொடுக்கும். இந்தச் சங்கிலிக்கு அந்த வேலை கிடையாது, கொஞ்சம் தளர்வாகவே தொங்கட்டும். இழுத்துக் கட்டினால் தலையைத் திருப்பும்போதெல்லாம் துளை இழுபடும்.

5. மறு காதில் இதே அடுக்கு வேண்டாம். ஒரு பொட்டு, ஒரு சின்ன வளையம், போதும். இரண்டு பக்கமும் சமமாக நிறைத்தால் கல்யாண அலங்காரம் மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால்தான் மறுபக்கம் கனம் கூடும்.

துளை விஷயம்

இப்போது அண்ணன் மகளின் கேள்விக்கு வருவோம். கல்லூரியில் படிக்கிறாள். "சித்தப்பா, ஒரே நாள்ல அஞ்சு துளை, கன்லயே போட்டுடறாங்களாம். போட்டுக்கட்டுமா?" என்றாள். சோணையில் இரண்டு, மேல் மடலில் மூன்று என்பது அவள் திட்டம்.

மேல் மடல் குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் ஊட்டம் வர வேண்டும். கன் என்பது கூர்மையான ஊசி இல்லை, மழுங்கலான தோட்டு முனையை விசையால் அடித்து ஏற்றுவது. மென்மையான சோணை அதைத் தாங்கும், குருத்தெலும்பு நசுங்கும். அங்கே சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா புகுந்தால் மருந்து போய்ச் சேருவது கஷ்டம். சீழ் வைத்தால் காது சுருங்கி உருக்குலையவும் வாய்ப்பு உண்டு. அந்த வடிவம் தானாகத் திரும்பாது. பிளாஸ்டிக் கன்னை உயர் வெப்ப நீராவியில் கிருமிநீக்கம் செய்யவும் முடியாது.

நான் சொன்ன பதில் இது: சோணைக்கு மட்டும் இப்போது துளை, ஆற 6 முதல் 8 வாரம். மேல் மடலுக்கு கஃப். ஒரு வருஷம் கஃபோடு இருந்து பார், அதன் பிறகும் ஆசை இருந்தால் ஒரு துளை, பயிற்சி பெற்றவரிடம், புது ஊசியால். குருத்தெலும்பு ஆற 6 முதல் 12 மாதம் ஆகும். அதுவரை அதில் சங்கிலி மாட்டக் கூடாது.

துளைக்குள் போகும் கம்பியையும் கவனிக்க வேண்டும். கவரிங் நகையின் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருப்பது சகஜம். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே நகைகளில் நிக்கலுக்குச் சட்டம் போட்டது இதற்காகத்தான். உள்ளே போகும் கம்பி மட்டும் டைட்டானியத்தில் இருக்கட்டும், வெளியே தொங்குவது எவ்வளவு மலிவாக இருந்தாலும் பரவாயில்லை.

வாங்கும்போது தோட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த கனம் கைக்குத் தெரியவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம்.