மாமி ‘சும்மா’ இருந்தாளாம்!

எங்கள் எதிர் வீட்டு மாமிக்கு வலது கை முறிந்து மூன்று மாதம் ஆகிறது. காய்கறிப் பையுடன் தெருவைக் கடந்தவளை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டது. ஓட்டியவர் நல்ல மனிதர்தாம். தாமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். “போலீஸ், கேஸ்னு எதுக்கு அலைச்சல்? பாத்ரூமிலே வழுக்கி விழுந்ததாச் சொல்லிடுங்களேன்” என்று மட்டும் காதோடு சொன்னாராம். வலி பொறுக்காத மாமியும் தலையை ஆட்டிவிட்டாள். நல்ல வேளை, பின்னாலேயே ஓடி வந்த மருமகள், “வழுக்கி விழலை டாக்டர், கார் இடிச்சுடுத்து!” என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் இன்றைக்கு மாமியின் கேஸையே தாங்கி நிற்கிறது. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் முதலில் எழுதுவதை, பிற்பாடு இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அதன் நகலும், போலீஸின் முதல் தகவல் அறிக்கையும், மருந்து பில்களும், ஆட்டோவுக்குக் கொடுத்த கூலிக் கணக்கும் ஒரே பையில் இருக்கட்டும்.

கார்க்காரர் பாவம் என்று இரங்குகிறீர்களா? மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக் கூடாது என்பது சட்டம். அது இருந்தால், பணம் தரப் போவது கம்பெனி. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அது செல்லுமா என்ற விவாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த வம்பு நமக்கெதற்கு? சீக்கிரமே போட்டுவிடுவது மேல். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் பெற வழியுண்டு.

இதெல்லாம் சரி. மாமியின் வீட்டுக்காரர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. “உனக்கென்ன சம்பளமா போச்சு? சும்மாதானே ஆத்திலே இருக்கே!” இதைச் சொன்ன வாரத்தில் அவர் சமையலுக்கு ஓர் ஆளும், பாத்திரம் துலக்க ஓர் ஆளும் சம்பளம் பேசி வைத்திருந்தார்!

நீதிபதிகள் மாமாவைப் போல நினைக்கவில்லை. 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் நடுத்தர வயது இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2021 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு இன்னும் விளக்கமாகப் பேசிற்று. வீட்டு வேலைக்குப் பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம் என்ற சர்க்கார் கணக்கையும் அது எடுத்துக் காட்டிற்று. இரண்டும் மரண வழக்குகள். ஆனாலும் காயம்பட்ட இல்லத்தரசிக்கும் இப்படி ஒரு மாத வருமானம் கணித்தே தீர்ப்பாயங்கள் நஷ்டம் பார்க்கின்றன. அதோடு வைத்தியச் செலவு, பட்ட வேதனை, உதவிக்கு வைத்த ஆளின் சம்பளம் எல்லாம் சேரும். ஊனம் இத்தனை சதவீதம் என்று டாக்டர் எழுதுவதோடும் முடிந்துவிடாது. அந்தக் கையால் அவரவர் வேலையில் எது முடியவில்லை என்று பார்க்க வேண்டும் என 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே முறிவு தையற்காரிக்கு ஒரு மாதிரி, பாட்டு டீச்சருக்கு வேறு மாதிரி அல்லவா?

வக்கீலுக்குப் பணம்? வருமானம் எவ்வளவானாலும் சரி, பெண் என்ற ஒன்றே போதும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, “கிடைப்பதில் கால் பங்கு எனக்கு” என்கிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல்கள் அப்படிப் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

போன வாரம் மாமியின் மனு தயாராயிற்று. ‘தொழில்’ என்ற இடத்தில் வக்கீல் ‘இல்லை’ என்று எழுதப் போனாராம். மாமி இடக் கையால் பேனாவைத் தடுத்து, விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்சுவதிலிருந்து ஆரம்பித்தாள். மத்தியானச் சமையலுக்கு வருவதற்குள் வக்கீல் இரண்டாவது தாள் எடுக்க வேண்டியதாயிற்று. மாமா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.