பட்டையைத் தளர்த்துங்கள், சார்

குறட்டை விட்டு உறங்குகிற மனிதனைப் பார்த்து, "கொடுத்து வைத்தவன், கவலையில்லாமல் தூங்குகிறான்" என்று சொல்வது நம் வீடுகளில் வெகுகாலமாக இருந்துவரும் சம்பிரதாயம். என் தகப்பனார் திண்ணையில் தலையைச் சாய்த்தால் அது எதிர்வீட்டிலும் அடுத்த தெருவிலும் தெரியும். அதை ஒரு வியாதியாக யாரும் கருதியதில்லை என்பது மாத்திரமல்ல, அந்தச் சத்தம் கேட்கும்வரை திருடன் வரமாட்டான் என்று பாட்டி அதை ஓர் உபகாரமாகவே பாவித்து வந்தாள். அந்தப் பிதுரார்ஜிதத்தை அணுவளவும் குறையாமல் பெற்றுக்கொண்ட நான், எட்டு மணி நேரம் படுத்தெழுந்தும் காலையில் தலை கனப்பதையும், பிற்பகலில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே கண்ணயர்வதையும், ஒரு நாள் சிக்னலில் காரை நிறுத்தியவன் பச்சை விளக்கு எரிந்ததும் தெரியாமல் பின்னால் நின்றவர்களின் ஹாரன் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்ததையும், வயதின் மீதும் வெயிலின் மீதும் சாப்பாட்டின் மீதும் மாறி மாறிப் பழிபோட்டுக்கொண்டே பத்து வருஷங்களைக் கழித்தேன்.

என் மனைவியின் கவலை வேறு விதமானது. "ஏங்க, நீங்க குறட்டை விடறது எனக்குப் பழகிப்போச்சு. நடுவிலே திடீர்னு நிக்குது பாருங்க, அப்பதான் பயமா இருக்கு" என்றாள். வைத்தியர்கள் நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ளும் ரோக லட்சணத்தை அவள் இருட்டில் படுத்தபடி, ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணியே கண்டுபிடித்திருந்தாள்.

ஸ்லீப் அப்னியா என்று வைத்தியர்கள் சொல்லும் உறக்க மூச்சுத்தடையின் மூலகாரணம், நமது தொண்டையின் அமைப்பிலேயே இருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையில் உள்ள பாதை, கீழே மூச்சுக்குழாய்க்கு இருப்பதைப் போலக் குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்பட்டதல்ல. பேசவும் விழுங்கவும் இசைந்து கொடுக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் தசையாலேயே ஆனது. விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் தம் விறைப்பினால் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. நித்திரையில் அவை தளர, நாக்கும் பின்னால் சரிய, பாதை குறுகினால் குறட்டை. அடைந்தே போனால் மூச்சு நின்றுவிடும். இரத்தத்தில் பிராணவாயு குறைவதை உணர்ந்து மூளை ஒரு க்ஷணம் விழித்துத் தசைகளை முடுக்குகிறது. ஒரு திணறலோடு வழி திறக்கிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. உறங்குகிறவனுக்கு இந்த விழிப்பு எதுவும் நினைவில் தங்குவதில்லை. குறைந்தபட்சம் 10 விநாடி நீடிக்கும் தடைகளையும், மூச்சு வெகுவாகக் குறைந்துபோகும் வேளைகளையும் சேர்த்து, மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது என்றும், 30 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் போனால் கடுமையானது என்றும் கணக்கிடுகிறார்கள். தலையிலும் மார்பிலும் காலிலும் ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஓர் இரவு நான் படுத்தெழுந்த ஸ்லீப் ஸ்டடியில் என் கணக்கு 38 என்று வந்தது. ஆறு மணி நேர உறக்கத்துக்கு 228 தடவை! அதன் பிறகு பகலில் கண்ணயர்ந்ததைப் பற்றி எனக்கு வெட்கமே இல்லாமற் போயிற்று.

இதற்குரிய சிகிச்சை சீபேப் என்னும் சிறு யந்திரம். அறைக் காற்றை இழுத்து, ஃபில்டரில் வடிகட்டி, ஒரு குழாய் வழியாக மூக்கின் மேல் பொருந்தும் மாஸ்க்குக்குள் ஓயாமல் செலுத்துவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. நமக்காக அது மூச்சு விடுவதில்லை, மூச்சு நம்முடையதே. துவண்டு விழும் கூடாரத்தை உள்ளிருந்து காற்றே தாங்கி நிறுத்துவதைப் போல, தொண்டை ஒட்டிக்கொள்ளாதபடி காற்று முட்டுக் கொடுக்கிறது. அதன் பிரஷரைத் தண்ணீரின் சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். சாதாரணமாக 4 முதல் 20 வரை வைக்க முடியும். எனக்கு 10. அது எவ்வளவு என்று அறிய விரும்புகிறவர்கள், ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சுகுழலின் நுனியை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்த்தி, குமிழி வரும்வரை ஊதிப் பார்க்கலாம். குழந்தைகள் இளநீர்க் குடுக்கையில் விளையாட்டாகச் செய்கிற காரியந்தான். அவ்வளவு சொற்பமான விசையா தொண்டையைத் தாங்குகிறது என்று நான் வியந்தேன். முதல் இரவில் அதே விசை ஆடிக்காற்றாகத் தோன்றியது வேறு விஷயம்.

இந்த உபாயம் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1980-க்கு முன்னால் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த முக்கியமான பரிகாரம், கழுத்தில் துளையிட்டு அடைப்புக்குக் கீழே மூச்சுக்கு வழி செய்வது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், நாய்களின் உறக்கச் சுவாசத்தை ஆராய்ந்து பழகியிருந்த காலின் சல்லிவன் என்ற டாக்டர், அந்தத் துளைக்கு இணங்காத ஒரு நோயாளியின் மூக்கில் காற்றைச் செலுத்திப் பார்த்தார், அடைப்பு நீங்கியது. ஐந்து நோயாளிகளின் விவரங்கள் 1981-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயின. ஆரம்ப காலத்து யந்திரங்கள், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைப் போன்றவற்றைக் கொண்டு காற்றை ஊதச் செய்தவை. சத்தமோ சொல்லி முடியாது. மாஸ்க்கை அந்தந்த நோயாளியின் முகத்துக்கு அச்செடுத்துச் செய்து, இரவுதோறும் பசை போட்டு மூக்கில் ஒட்டி, காலையில் பிய்த்தெடுப்பார்களாம். என் மாஸ்க்கின் மூன்று பட்டைகளுக்கும் ஒரு கொக்கிக்கும் அலுத்துக்கொண்ட நான், இதைக் கேட்ட பிறகு சற்று அடங்கினேன்.

அந்தப் பட்டைகளின் விவகாரத்துக்கு வருகிறேன். புதிதாக யந்திரம் வாங்கியவர்களில் கணிசமானோர் சில வாரங்களிலேயே அதை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு மனவுறுதி போதாது என்று சுற்றத்தார் தீர்ப்புச் சொல்கிறார்கள். நான் அதை ஒப்பமாட்டேன். பெரும்பாலானவர்களை விரட்டுவது, மாஸ்க்கின் ஓரத்தில் எங்கோ ஒரு நூலளவு இடைவெளியில் காற்றுக் கசிவதைப் போன்ற அற்பக் காரணந்தான் என்பது என் அபிப்பிராயம்.

முதல் இரவு எனக்கு நேர்ந்ததும் அதுவே. மூக்கின் மேல்முனையில் கசிந்த காற்று நேராக இடது கண்ணில் ஊதிற்று. குழாயில் தண்ணீர் சொட்டினால் திருகை இறுக்குகிறோம் அல்லவா? நானும் பட்டையை இறுக்கினேன். கசிவு அதிகமாயிற்று. இன்னும் இறுக்கினேன். விடியற்காலையில் கண் சிவந்து, மூக்குத்தண்டில் தோல் உரிந்து, கன்னங்களில் வண்டிச்சக்கரத் தடம்போலக் கோடுகள் விழுந்திருக்க, பால்காரர் என்னைப் பார்த்து, "என்ன சார், எங்கேயாவது விழுந்துட்டீங்களா?" என்று மெய்யான வருத்தத்தோடு கேட்டார்.

ஐந்தாம் நாள் டெக்னீஷியன் வந்தார்; இளைஞர். என்னை உட்கார வைத்துப் பார்க்காமல், கட்டிலில் படுக்கச் சொல்லி, யந்திரத்தை ஓடவிட்டு, பிறகு குனிந்து பார்த்தார். "பட்டையைத் தளர்த்துங்க, சார்" என்றார். தளர்த்தினேன். "இன்னும்." எனக்கு நம்பிக்கையில்லை. அவரே இரண்டு பக்கத்தையும் அரை அங்குலம் விட்டுக்கொடுத்து, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி, மறுபடி மெதுவாக உட்கார வைத்தார். கசிவு நின்றது. அதன் தத்துவத்தையும் விளக்கினார். மாஸ்க்கின் விளிம்பில் இருப்பது வெறும் ரப்பர் அல்ல, சிலிக்கோன் மடிப்பு. முகத்தில் படும் மடிப்பு வெங்காயச் சருகைப் போல மெல்லியது. உள்ளிருக்கும் காற்றே அதை உப்பச் செய்து, முகத்தின் மேடுபள்ளங்களோடு ஒட்ட வைக்கிறது. இறுக்கினால் மடிப்பு நசுங்கி, உப்புவதற்கு இடமில்லாமல் சுருக்கம் விழுகிறது. அந்தச் சுருக்கங்களின் வழியே காற்றுப் பிய்த்துக்கொண்டு போகிறது. மேலும் உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் முகம் படுத்திருக்கும்போது இருப்பதில்லை. கன்னச் சதை பின்னால் சரிகிறது. ஆகையால் படுத்த நிலையில், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டையைச் சரிசெய்ய வேண்டும். இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே எவரேனும் சொல்லியிருந்தால் என் மூக்குத்தோல் தப்பித்திருக்கும்.

எண்ணெயும் ஒரு சத்துரு. சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டு இரவில் மாஸ்க்கை மாட்டினால், அது மூக்கில் நில்லாமல் வழுக்கி நகர்கிறது. நாளடைவில் சிலிக்கோனையும் எண்ணெய் கெடுத்துவிடும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், காலையில் மாஸ்க்கை மிருதுவான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துவதும் இப்போது எனக்குப் பல் துலக்குவதைப்போல ஆகிவிட்டன. பெரிய மீசைக்காரர்கள் தங்கள் மீசையோடு செய்துகொள்ள வேண்டிய சமாதானத்தைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லத் துணியவில்லை.

மூச்சுமுட்டி இறந்துவிடுவோமோ என்ற பயம் சிலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. மாஸ்க்கின் முன்புறத்தில் ஊசித்துளை போன்ற துவாரங்கள் இருக்கின்றன; நாம் விடும் மூச்சு அவற்றின் வழியேதான் வெளியேறுகிறது. அந்த உஸ்ஸென்ற ஒலியைக் கசிவென்று எண்ணி அடைத்துவிடக் கூடாது. மின்சாரம் நின்றாலும் மூக்கு மாஸ்க்காக இருந்தால் வாயைத் திறந்து மூச்சு விடலாம். வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு திறந்துகொள்ளும். இவ்வளவு தெரிந்தும் இருட்டில் பயம் போகாதவர்களுக்கு நான் அனுபவித்து அறிந்த உபாயம், பகலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தினசரிப் பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் வாசிப்பது. முதல் நாள் தலைப்புச் செய்தியோடு கழற்றினேன். நான்காம் நாள் வரி விளம்பரம் வரை வந்துவிட்டேன். படுத்தவுடன் முழுவிசையும் முகத்தில் அடிக்காமல், குறைந்த விசையில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் 'ராம்ப்' என்ற ஏற்பாடும் யந்திரத்தில் இருக்கிறது. ஆனால் ராம்ப்பை நீட்டிக் குறைப்பது வேறு, பிரஷரையே நாமாக மாற்றுவது வேறு. பின்னது டாக்டரின் அதிகாரம்.

மூக்கு வறண்டு எரிந்தால் ஹியூமிடிஃபையர் என்னும் வெந்நீர்த் தொட்டி உதவுகிறது. அதில் கிணற்று நீரையோ போர்வெல் நீரையோ காய்ச்சி ஊற்றுவது வீண். காய்ச்சினால் உப்புப் போகாது, தொட்டியில் வெள்ளைப் படலமாகப் படியும். மருந்துக்கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கேட்டு வாங்க வேண்டும். பேட்டரிக்கென்று விற்கும் நீர் சுவாசத்துக்காகச் சோதிக்கப்பட்டதல்ல. ஏ.சி. போட்ட அறையில் வெதுவெதுப்பான ஈரக்காற்று குழாயில் குளிர்ந்து நீராகி, நடுநிசியில் மூக்கில் தெளிக்கும்; ஈரத்தின் அளவைக் குறைத்து, குழாய்க்குத் துணியுறை போட்டு, யந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் அந்த அபிஷேகம் நின்றுவிடும்.

இரண்டாவது வாரத்தில் வேறொரு விசித்திரம். மாஸ்க்கோடு படுப்பேன், காலையில் பார்த்தால் அது தலைமாட்டில் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கும். கழற்றியவன் நானே, எனக்குத்தான் ஞாபகமில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, இரவுக்கு 4 மணி நேரம் வீதம், 30 நாளில் 70 சதவிகித நாட்களாவது அணிந்தால்தான் பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்கிறது. அது கணக்கர்களின் நியாயம். கனவு காணும் உறக்கம் பின்னிரவில்தான் மிகுதி. அப்போதுதான் தசைகள் மிகவும் தளர்ந்து அடைப்பும் அதிகமாகிறது. மூன்று மணிக்குக் கழற்றி வைக்கிறவன் மழை வலுக்கும்போது குடையை மடக்குகிறான். விழிப்பு வந்தபோதெல்லாம் தடவிப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டதில், மாதக் கடைசிக்குள் அந்தக் களவு நின்றது.

பலன் நான் எதிர்பார்த்த வாசல் வழியாக வரவில்லை. இரவில் மூன்று முறை சிறுநீருக்காக எழுந்துகொண்டிருந்தவன் ஒரு முறைகூட எழாமல் விடிந்ததைப் பார்த்து, முதலில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். மூச்சடைப்பினால் மார்புக்குள் ஏற்படும் இழுவிசை இருதயத்தின் மேலறைகளை விரியச் செய்ய, உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று தவறாக எண்ணி அவை நீரை வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். வருஷக்கணக்காகக் காணாமற் போயிருந்த கனவுகளும் திரும்பி வந்தன. யந்திரம் காட்டும் கணக்கில் 38 இப்போது 3 ஆகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் மின்சாரம் நின்றது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் லைன் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மாத்திரமே. கட்டிலோரத்துப் பிளக் பாயிண்டுக்கு இல்லை. விசிறி சுற்றிக்கொண்டிருக்க யந்திரம் மட்டும் அடங்கிப்போக, நான் தூக்கக் கலக்கத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உறங்கியிருக்கிறேன். அடுத்த அறையில் படுத்திருந்த மகன் எழுந்து வந்து, "அம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டானாம். மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்தப் பாயிண்டையும் இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொன்னோம். தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான் மின்சாரத்தை அதிகம் தின்னும் என்பதால் பேட்டரியில் ஓடும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்று எச்சரித்த அவர், மேஜைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் நீளமான குழாயையும் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மீன் தொட்டியை எங்கேம்மா வெக்கப் போறீங்க?" என்றார்.

"மீன் உங்க பின்னாடிதான் நிக்குது" என்றாள் என் மனைவி.