காப்பை அடைவு வைக்க முன்னர்...

கிளிநொச்சிப் பக்கத்து அக்கா ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். 2009 இல் கணவரை இழந்தவர். கோழி வளர்த்து, தையல் தைத்து மகளைப் படிப்பித்தவர்.

"பிள்ளை, இவள் உயிர் இரசாயனவியலில பட்டம் எடுத்திட்டாள். இன்னும் படிக்கவேணும் எண்டு நிக்கிறாள். மிஞ்சிக் கிடக்கிற சோடிக் காப்பை அடைவு வைக்கட்டோ?"

நான் சமூகவியல் படித்தவள். விசாரித்துத்தான் பதில் சொன்னேன்.

வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதிப் பெறும் முதுவிஞ்ஞானமாணிக்குப் பெரும்பாலும் நாமே கட்டணம் செலுத்த வேண்டும். ஆய்வு செய்து பெறும் முதுதத்துவமாணி வேறு மாதிரி. பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவற்றின் மானியம் கிடைத்திருந்தால், அதில் உதவியாளராகச் சேரும் பிள்ளைக்கு மாதக் கொடுப்பனவு உண்டு. முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

வேலை? இந்தப் பட்டத்தோடு அரச ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் சேரலாம் என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் தனியாகப் படித்து, இலங்கை மருத்துவச் சபையில் பதிய வேண்டும். உணவுத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாடு, ஆராய்ச்சி நிறுவகங்கள், பல்கலைக்கழக விரிவுரை ஆகியவை இவர்களுக்குரியவை. யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தராக 2011 முதல் 2017 வரை இருந்த பேராசிரியர் வசந்தி அரசரத்தினம் இந்தத் துறைக்காரர்தான். "பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்ற சித்தப்பாவுக்கும் இதைச் சொன்னேன்!

மகள் மூன்று பேராசிரியர்களுக்கு எழுதினாள். ஒருவர் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார். காப்பு இன்னும் அக்காவின் கையில்தான் இருக்கிறது.